ஓசிக் குடையும் நாற்பது வருஷச் சிறையும்

1907 வாக்கில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறப் போனவர்களுக்கு ஒரு விசித்திரமான யோகம் அடித்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி, தன் கப்பலில் வந்தால் டிக்கெட்டே வேண்டாம் என்றது. அதோடு நிற்காமல், ஏறுகிறவர் கையில் ஒரு குடையையும் கொடுத்தது. அதே துறையில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பலும் நின்றது. அதில் ஏறினால் காசும் கொடுக்க வேண்டும், குடையும் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடித உறைகளில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தித் தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பும், அந்த ஓ.சி.தான் நம்முடைய 'ஓசி' ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ புளுகோ, கம்பெனிக்காரன் சும்மா கொடுக்கும் எதற்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கும் என்று நம் ஆட்கள் அப்போதே மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் குடையின் கணக்கு என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏகபோகம் யார் பெற்ற பிள்ளை என்ற பழைய வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வழக்கு தெரிந்ததுதான். சந்தையை அதன் போக்கில் விட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும், கடைசியில் குளத்தில் ஒரே மீன்தான் மிஞ்சும், அதனால் அரசு தலையிட வேண்டும் என்பது ஒரு கட்சி. லாபம் கொழிக்கிற இடத்துக்குப் போட்டிக்காரன் தானே வந்து சேருவான், அவனை வாசலிலேயே நிறுத்துவதற்கு லைசென்ஸ், தடை, மானியம் என்று அரசு கைகொடுத்தால்தான் ஏகபோகம் நிற்கும், அதனால் அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு இடதுசாரிகள் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரே தொழில்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் போய் முடியும் என்று 1776-இலேயே எழுதியவர் ஆடம் ஸ்மித். அதே ஸ்மித், அரசு கொடுத்த வணிகப் பட்டயங்களையும் வெளுத்து வாங்கினார். ஆக அவரை இரண்டு கட்சியும் மேடைக்குக் கூப்பிடலாம்.

என் எண்ணம் இது. ஒருவன் எப்படி முந்தினான் என்பது ஒரு கேள்வி. முந்திய பிறகு மற்றவர்கள் ஏன் அவனைப் பிடிக்க முடியவில்லை என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வழக்கு முடிய மாட்டேன் என்கிறது. முந்துவது பெரும்பாலும் சந்தையில் நடக்கிறது. கதவைச் சாத்துவது பெரும்பாலும் அரசின் கையால் நடக்கிறது. இரண்டு இடத்திலும் 'பெரும்பாலும்' என்று போட்டிருக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

முதலில் சிக்கல் இல்லாத ஒரு கேஸ், உப்பு. சென்னை மாகாணத்தில் 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. கம்பெனியே ஓர் ஏகபோகம்தான். 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கொடுத்த பட்டயத்தில் பிறந்தது. இந்திய வணிகத்தில் அதன் தனியுரிமை 1813 வரையிலும், சீனத் தேயிலை வணிகத்தில் 1833 வரையிலும் நீடித்தது. இப்போது உப்பை நினைத்துப் பாருங்கள். கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பாத்தி கட்டத் தெரிந்த ஆட்கள் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வேதாரண்யம் தாண்டி மேலே போகப் போக உப்பு விளையாத மாவட்டக் கரையே அரிது. இப்படிப்பட்ட பொருளில் எந்த வியாபாரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரே விற்பனையாளனாக ஆக முடியாது. விலையை ஏற்றினால் அடுத்த ஊர்க்காரன் விளைவித்துக் கொண்டுவந்து கொட்டுவான். அதனால்தான் இந்த ஏகபோகத்துக்குச் சட்டமும் காவலும் தேவைப்பட்டன. தானாக விளைந்த உப்பை அள்ளினால்கூடக் குற்றம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தபோது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன செய்தார் தெரியுமா? வழியில் யாரும் அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று உத்தரவு போட்டார். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் போட்ட சோறு என்று யாரைப் பிடிப்பது? ஒரு கைப்பிடி உப்பின் மேல் ஏகபோகத்தைக் காப்பாற்ற மரக்கிளை வரை காவல் வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். உப்பு விஷயத்தில் இரண்டாவது கட்சிக்கு முழு வெற்றி, சந்தேகமே இல்லை.

கப்பல் வேறு ரகம். பாத்தி கட்டி யாரும் கப்பல் விளைவிக்க முடியாது. வாங்கப் பெரிய முதல் வேண்டும், ஓட்டக் கரி வேண்டும், காலியாக ஓடினாலும் கிட்டத்தட்ட அதே செலவு. ஒரே ஒரு கப்பல் வைத்திருப்பவனுக்கு அது பழுதானால் அன்றோடு தொழில் நின்றது. நூறு வைத்திருப்பவனுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அதனால் இந்தத் தொழிலில் பெரியவன் மேலும் பெரியவன் ஆவதற்குச் சந்தையிலேயே ஒரு சரிவு இருக்கிறது. முதல் கட்சி சொல்வதில் இவ்வளவும் சரி.

ஆனால் பி.ஐ. கம்பெனி அந்த உயரத்துக்கு எப்படி வந்தது? 1856-இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்கின்னன் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே கப்பல் விட ஆரம்பித்ததுதான் அதன் தொடக்கம். ஆரம்ப மூலதனத்தைவிட முக்கியமான சொத்து ஒன்று அவரிடம் இருந்தது. அது தபால் ஒப்பந்தம். அரசின் தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்ல அரசே பணம் கொடுக்கும். பயணி வந்தாலும் வராவிட்டாலும், சரக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கரிச் செலவில் ஒரு பங்குக்கு வழி பிறந்துவிடும். 1862-இல் பிரிட்டிஷ் இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டு, மேலும் மேலும் தபால் வழிகளைப் பிடித்து, இந்தியக் கரை முழுக்கப் பரவியது. 1914-இல் பி அண்ட் ஓ கம்பெனியோடு சேர்ந்தபோது அதனிடம் 131 கப்பல்கள் இருந்தன. அதன் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நேரம் தவறாமல் இத்தனை துறைமுகங்களுக்குக் கப்பல் விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் ஏறிய ஏணியின் கீழ்ப்படிகளில் அரசின் பணம் இருந்தது.

அதே காலத்தில் கப்பல் கம்பெனிகள் தங்களுக்குள்ளே போட்டுக்கொண்ட ஒரு பூட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அரசுக்குப் பங்கே இல்லை. 1870-களில் கல்கத்தா–இங்கிலாந்து வழியில் ஓடிய கம்பெனிகள் கூட்டணி கட்டிக்கொண்டன. ஒரு வியாபாரி ஆறு மாதம் முழுக்கக் கூட்டணிக் கப்பல்களிலேயே சரக்கு அனுப்பினால், கட்டிய கூலியில் பத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். உடனே கிடைக்காது. இன்னும் ஆறு மாதம் விசுவாசமாக இருந்தால்தான் கைக்கு வரும். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வெளியார் கப்பலில் ஏற்றினாலும் மொத்தமும் போச்சு. வியாபாரிக்கு எப்போதும் ஒரு வருஷப் பாக்கி கம்பெனியிடம் மாட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவன் பாதிக் கூலிக்கு ஏற்றுகிறேன் என்றாலும் யார் துணிவார்கள்? பிரிட்டனில் இதை விசாரிக்க 1906-இல் அரச ஆணையம் போட்டார்கள். 1909 அறிக்கையில் பெரும்பான்மை உறுப்பினர்கள் இதைத் தடை செய்யச் சொல்லவில்லை. தனியாரே கட்டிய சுவர் இது. அரசு செய்ததெல்லாம் வேடிக்கை பார்த்தது மட்டும்தான்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் போட்டார். சொந்தக் கப்பல் கிடையாது, பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி ஷா லைனை நெருக்கியது, வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. வ.உ.சி. அலைந்து பணம் திரட்டினார். 1907-இல் பிரான்சிலிருந்து காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் மட்டும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் ஏறலாம், 4,000 மூட்டை சரக்கு கொள்ளும்.

அப்புறம் தொடங்கியது கட்டண யுத்தம். பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசி எட்டணா என்றது. பி.ஐ. இலவசம் என்றது, கூடவே குடை.

இங்கே ஒரு பொருளாதார வாதத்தைக் கேட்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது கட்சியின் கூர்மையான ஆயுதம் இதுதான். அமெரிக்காவில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி விலையை அடிமாட்டுக்கு இறக்கித்தான் போட்டியாளர்களை ஒழித்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1958-இல் ஜான் மெக்கீ என்ற பொருளாதார அறிஞர் அந்த வழக்கின் ஆவணங்களைப் புரட்டிவிட்டு, அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை, அப்படிச் செய்வதும் புத்திசாலித்தனமில்லை என்று எழுதினார். அவர் கணக்கு எளிமையானது. நட்டத்துக்கு விற்றால் யாருக்கு அதிக நட்டம்? அதிகம் விற்கிறவனுக்கு. ஆயிரம் பயணிகளை ஓசியில் ஏற்றுகிறவன் இழப்பதில் பத்தில் ஒரு பங்குதான் நூறு பயணிகளை ஏற்றுகிறவன் இழப்பது. சரி, பல்லைக் கடித்துக்கொண்டு எதிரியை ஒழித்தாயிற்று என்றே வையுங்கள். விட்டதைப் பிடிக்க விலையை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் அடுத்த போட்டிக்காரன் வருவான், மறுபடியும் குடை வாங்க வேண்டும். எத்தனை குடை வாங்குவது?

வாதம் பலமானதுதான். ஆனால் அதையே திருப்பிப் போட்டால் தூத்துக்குடிக் கதை விளங்குகிறது. நூறு வழிகளில் கப்பல் விடுகிறவன், ஒரே ஒரு வழியில் ஓசி விட்டால் மற்ற வழிகளின் லாபமும் தபால் பணமும் அதைத் தாங்கும். சுதேசிக்கு இருப்பதே அந்த ஒரு வழிதான். அடுத்தது இன்னும் முக்கியம். குடைக்குச் செலவழித்தவன், இவனுக்குப் பிறகு இன்னொருவன் வர மாட்டான் என்று நம்பினால்தான் அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. அந்த நம்பிக்கையை பி.ஐ. கம்பெனிக்கு யார் கொடுத்தார்கள்?

சுங்கம், துறைமுகம், மருத்துவச் சோதனை என்று ஒவ்வொரு படியிலும் அதிகாரிகள் சுதேசிக் கப்பலுக்குக் குடைச்சல் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்திலேயே எழுந்த புகார். (குடையும் குடைச்சலும் சேர்ந்தே வந்தன, என்ன செய்வது.) 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களோடு நின்றார், கோரிக்கைகளும் நிறைவேறின. மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது என்றாலும், 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது, கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் போட்டியாளர்களுக்கே ஏலம் போயிருந்தன. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தது நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். கடலில் போட்டிக் கப்பல் விட்ட முதலாளியைச் செக்கில் மாடாகப் பூட்டிய ராஜ்ஜியத்தில், அடுத்து ஒருவன் கப்பல் கம்பெனிக்குப் பங்கு வாங்குவானா? குடைச் செலவு வசூலானது அங்கேதான்.

ஆனால் இங்கே நிறுத்தினால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். கம்பெனிக்குள்ளும் ஓட்டைகள் இருந்தன. இயக்குநர்களில் சிலருக்கு வ.உ.சி.யின் அரசியல் பிடிக்கவில்லை, உரசல் நடந்துகொண்டிருந்தது. கைதே நடக்காவிட்டாலும் கம்பெனி தாக்குப்பிடித்திருக்குமா என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கு வங்காளத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884 வாக்கில் குல்னா–பரிசால் ஆற்றுவழியில் சொந்தமாகக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். அங்கே ஓசி விட்டது சின்னவர். பயணிகளுக்கு டிக்கெட் இல்லை, மேலே சிற்றுண்டியும் உண்டு. யாரும் அவரைக் கைது செய்யவில்லை, தேவையும் இருக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்து அவரே விலகினார். பை ஆழமாக இல்லாதவன் சந்தையிலேயே மூழ்குவான் என்பதற்கு அது சாட்சி.

பை ஆழமாக இருந்தால்? 1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இப்போது தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். பின்னால் வால்சந்த் ஹிராசந்த் போன்ற பம்பாய்ப் பெருமுதலாளிகள். அவர்களும் கட்டண யுத்தத்தில் அடிபட்டார்கள், ஆனால் சாகவில்லை. 1923-இல் பி.ஐ.யோடு ஒப்பந்தம் போட்டு, இத்தனை கப்பலுக்கு மேல் விட மாட்டோம், இந்தந்த வழிக்கு வர மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு கூட்டணிக்குள் ஓர் ஓரத்தில் இடம் பிடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கடலோரப் போக்குவரத்து இந்தியக் கப்பல்களுக்கே என்று அரசு ஒதுக்கியபோது காற்று அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பியது. நேற்று வெளியே நின்று கதவைத் தட்டியவர்கள் இன்று உள்ளே நின்று தாழ் போட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் ஏதுமில்லை. வியாபாரிக்குப் போட்டி பிடிக்கும் என்று நினைப்பதுதான் அசட்டுத்தனம்.

ஸ்டாண்டர்ட் ஆயிலைத் தொட்டுவிட்டதால் அதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். 1880 வாக்கில் அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அதன் கையில் இருந்தது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் விலை ஏறாமல் இறங்கிக்கொண்டுதான் போனது. 1911-இல் உச்ச நீதிமன்றம் அதை 34 துண்டாக்கியபோது அதன் பங்கு ஏற்கெனவே மூன்றில் இரண்டுக்குக் கீழே வந்திருந்தது. சந்தையும் கரைக்கிறது, ஆனால் முப்பது வருஷம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் எத்தனை சின்னச் சுத்திகரிப்பாளர்கள் கடையைக் கட்டினார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி ராஜாஜிக்கு வருவோம். 1930-இல் உப்பு ஏகபோகத்துக்கு எதிராக நடந்தவர், 1959-இல் எண்பது வயதில் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். எதிரி யார்? அவரே பெயர் வைத்த 'லைசென்ஸ்–பர்மிட்–கோட்டா ராஜ்ஜியம்'. 1951-ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்களில் ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். செல்வம் நாலு குடும்பத்தில் குவியக் கூடாது, அரிதான அந்நியச் செலாவணி வீணாகக் கூடாது. நடந்தது என்ன? 1960-களின் இறுதியில் ஹசாரி அறிக்கையும் அதன் பின் வந்த தத் குழுவும் துருவிப் பார்த்தபோது, குவியக் கூடாது என்று யாரை நினைத்துச் சட்டம் போட்டார்களோ அந்தப் பெரிய குழுமங்களே லைசென்ஸ்களில் பெரும்பங்கை வாரிக்கொண்டிருந்தன. வாங்கி வைத்துக்கொண்டு ஆலையே கட்டாமல் இருந்ததும் உண்டு. ஏன் கட்ட வேண்டும்? நாட்டுக்கு இத்தனை டன் போதும் என்று அரசு ஒரு அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குரிய காகிதம் என் பெட்டியில் இருந்தால் போட்டிக்காரனுக்கு லைசென்ஸ் கிடைக்காது. கப்பல் விடாமலே துறைமுகத்தை அடைத்துக்கொள்வது போல இது. குடைச் செலவுகூட இல்லை.

அதைத் தடுக்க 1969-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. 20 கோடிக்கு மேல் சொத்துள்ள குழுமங்கள் விரிவடைய இன்னொரு அனுமதியும் வேண்டும் என்றது. விளைவு, ஏற்கெனவே இருக்கிற பெரியவனோடு மோதக்கூடிய இன்னொரு பெரியவனுக்கும் கை கட்டு. மூன்று கார் கம்பெனி, அதிலே ஒன்று நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்ட். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், கல்யாணத்துக்குள் வந்துவிடும் என்று பதிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது எடுத்தவர்கள், பதிவுச் சீட்டையே கூடுதல் விலைக்கு விற்றவர்கள் எல்லாம் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள்.

இதன் சின்ன உருவத்தை நான் என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குக் காலை ஏழேகாலுக்கு ஒரே ஒரு தனியார் பஸ். அதன் சீட்டு கிழிந்திருக்கும், ஹாரன் மட்டும் ஜோராக அடிக்கும், கண்டக்டர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார். ஏழு இருபதுக்கு இன்னொருவர் பஸ் விட்டால் என்ன என்று என் அப்பாவிடம் கேட்டபோது, "பஸ் வாங்கிடலாம்டா, டைமிங் யார் தருவா?" என்றார். வழித்தடத்துக்குப் பர்மிட், பர்மிட்டில் நேரம். பஸ்ஸின் விலையைவிட அந்தக் காகிதத்தின் விலை அதிகம் என்பது பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். இதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நேரம் வரையறுக்காவிட்டால் இரண்டு பஸ்ஸும் ஒரே ஆளைப் பிடிக்க ரோட்டில் பந்தயம் ஓடும், எட்டு மணிக்கு மேல் கூட்டமில்லாத வேளையில் இரண்டும் வராது. அரசு கதவைச் சாத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணமாகவே இருக்கும். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவர் குடியேறிவிடுகிறார், அங்கேதான் வம்பு.

இப்போது குடை மறுபடியும் வருகிறது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அது வ.உ.சி.யின் பிறந்தநாள் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வருஷமும் நினைவுக்கு வரும். 2017 மார்ச் வரை பேச்சும் டேட்டாவும் ஓசி. ஏர்டெல் புகார் கொண்டுபோனது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி, சந்தையில் ஆதிக்கம் உள்ளவன் அடக்க விலைக்குக் கீழே விற்றால்தான் தப்பு. ஜியோ புதிதாக வந்தது, ஆதிக்கம் ஏதும் இல்லை என்று சொல்லி 2017 ஜூனில் போட்டி ஆணையம் புகாரைத் தள்ளியது. சட்டப்படி சரிதான். வேறு தொழிலில் குவித்த பணத்தோடு ஒருவர் புதிய சந்தைக்குள் நுழையும்போது அவரைப் 'புதியவர்' என்று மட்டும் பார்க்கிற சட்டத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது என்பது என் கருத்து. நுழைகிற நாளிலேயே அவர் பை ஆழமானது.

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல்லின் சிக்னல் ஊர் ஊராக அணைந்தது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற செல்போன் கடைகளில் கூட்டம் அலைமோதியது, மாற்றுவதற்கான குறியீடு வரும் குறுஞ்செய்திக்கே சிக்னல் இல்லை. அந்த மாத இறுதியில் அது திவால் மனு போட்டது. பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்த சந்தை மூன்று தனியாரும் பி.எஸ்.என்.எல்.லும் என்று சுருங்கியது. இதை முழுக்க ஜியோவின் தலையில் கட்டுவது தவறு. அலைக்கற்றை ஏலத்துக்காக வாங்கிய கடன், 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2019 அக்டோபரில் அரசுக்குத் தர வேண்டிய வருவாய்ப் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று வந்த தீர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் மற்றவர்களைச் சாய்த்தன. அந்தப் பாக்கியில் தத்தளித்த வோடஃபோன் ஐடியாவைக் காப்பாற்ற அரசு பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி, 2025-இல் அதன் கையில் சுமார் 49 சதவீதம் சேர்ந்தது. ஆக மூன்றாவது ஆள் களத்தில் இருப்பதே அரசின் தயவில். 2024 ஜூலை தொடக்கத்தில் இரண்டு நாள் இடைவெளிக்குள் மூன்று கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றின. இன்றும் நம்முடைய டேட்டா உலக அளவில் மலிவுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் நான்காவதாக ஒருவர் வந்து குறைத்துக் கொடுப்பார் என்று யாரும் காத்திருக்கவில்லை. அலைக்கற்றைக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டாலே வர மாட்டார்.

மேலே 'பெரும்பாலும்' என்று போட்டதற்குக் காரணம் நம் பாக்கெட்டில் இருக்கிறது. கூகுள் தேடலுக்கு எந்த அரசும் லைசென்ஸ் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்புக்குப் பர்மிட் இல்லை. சித்தப்பா, ஸ்கூல் குரூப், பால்காரர் எல்லாம் அதில் இருப்பதால் நானும் இருக்கிறேன், நான் இருப்பதால் அவர்களும் இருக்கிறார்கள். இதைவிட நல்ல செயலி நாளைக்கே வந்தாலும் எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும், அது நடக்கிற காரியமா? இது சந்தையே போட்ட பூட்டு. அதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. அவ்வளவு உறுதியான இடத்தில் இருக்கிற கூகுள், ஐபோனில் முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அதைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்த்தார். தரம்தான் காரணம், யாரும் எங்களை விட்டுப் போக மாட்டார்கள் என்பவர்கள், போகாமல் இருக்க இவ்வளவு பெரிய குடையை எதற்கு வாங்கினார்கள்? கப்பல் கூட்டணியின் ஒரு வருஷப் பாக்கித் தந்திரத்துக்கு இது தூரத்துச் சொந்தம். இந்த இடத்தில் அரசு ஒதுங்கி நின்றால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்பவர், 1909 அறிக்கையின் பெரும்பான்மை உறுப்பினர்களோடு போய் உட்கார வேண்டியதுதான்.

தூத்துக்குடி வழிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சுதேசிக் கம்பெனி கலைந்து மூன்றே வருஷத்தில், 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து வரும் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடற்பயணம். இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியை விட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். குடை கொடுத்துப் பிடித்த வழி, பாலம் கட்டியதும் மதிப்பிழந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியும் போனது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பலை மறுபடியும் விட்டுப் பார்த்தார்கள். தடுக்க ஆள் இல்லை, எதிரே ஒரு போட்டிக் கப்பலும் இல்லை. நவம்பரில் நட்டம் தாங்காமல் நின்றுவிட்டது. சனங்கள் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.